பதினோராம் வரி: எந்தக் கை?

லேசர் மட்டம் வாங்கிவிட்டார்களாம். முக்காலியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் நான்கு சுவரிலும் சிவப்புக் கோடு ஓடுகிறது. எந்தச் சுவர் எவ்வளவு கோணல் என்பதை அது கைபேசிக்குச் சொல்கிறது. கைபேசி கணினிக்குச் சொல்கிறது. கணினி எல்லாச் சுவரையும் நேராக்கிப் படமாக வரைந்து, கழுவுதொட்டி ஓரத்தில் ஒரு பூச்சாடியும் வைத்துக் கொடுக்கிறது. கோயமுத்தூரில் பழைய வீடுகளின் குளியலறைகளை இடித்துக் கட்டும் நிறுவனம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த எனக்கு, இதில் பூச்சாடி ஒன்றுதான் புதிதாகத் தெரிந்தது. கோணல் சுவரைப் படத்தில் நேராக்கும் வித்தையை நாங்கள் பென்சிலிலேயே செய்துகொண்டிருந்தோம்.

போன மாதம் ஹரிணி கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். அளவெடுப்புப் படிவத்தைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"மேடம், ஒரு டவுட்டுங்க. நம்ம ஃபார்ம்ல ஒம்பது வரி அச்சுல இருக்குதுங்க. பத்தும் பதினொண்ணும் உங்க கையெழுத்துல இருக்குது. அதையே ஜெராக்ஸ் எடுத்து எடுத்து இத்தனை வருசமா ஓட்டியிருக்கறோமுங்க. பத்தாவது புரியுது. பதினொண்ணுல 'எந்தக் கை?'ன்னு மட்டும் இருக்குதுங்களே, அது என்னங்க?"

"நீ என்னன்னு நெனச்சே கண்ணு?"

"நான் வாஸ்துன்னு நெனச்சேனுங்க. கூட இருக்கற பையன் கைரேகைங்கறான்."

"குளியலறை கட்டறதுக்குக் கைரேகை எதுக்கு?"

"இந்த ஊர்ல எதுதான் கேக்க மாட்டாங்க மேடம்? சரி, சாஃப்ட்வேர்ல அதுக்குக் கட்டம் இல்லீங்க. எடுத்துரட்டுங்களா?"

எடுக்காதே, எழுதி அனுப்புகிறேன் என்றேன். பேச்சில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடம். ஆனால் ஓய்வுபெற்றவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் முடிகிற எதன் மேலும் மரியாதை கிடையாது.

படித்த காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் கட்டிடத் துறை டிப்ளமோ. வகுப்பில் நாற்பது பையன்கள், மூன்று பெண்கள். வேலைக்கு எடுத்துக்கொண்ட கடிதத்தில் 'டிராஃப்ட்ஸ்மேன்' என்று இருந்தது. திருத்திக் கேட்டபோது, அப்படி ஒரு பதவிதான் இருக்கிறது, வேண்டுமானால் சேரலாம் என்றார்கள். சேர்ந்தேன். ஓய்வுபெறும் நாளில் கொடுத்த கேடயத்திலும் 'மேன்' என்றே பொறித்திருந்தார்கள். நிறுவனம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

எனக்கு மேலதிகாரி வேணுகோபால் சார். வீட்டில் தெலுங்கு, தளத்தில் கொங்குத் தமிழ், கோப்பில் ஆங்கிலம். அவர் 'ங்க' போடாத உயிரினம் இல்லை, உயிரில்லாதவற்றுக்கும் போட்டார். உப்பியிருக்கும் சுவரைத் தடவிப் பார்த்து, "பாவமுங்க, தொந்தி போட்டுட்டாருங்க" என்பார். என்னை 'எஸ்தருங்க' என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டுத் திட்டியதே இல்லை. கோபம் ஏற ஏற 'ங்க' பெருகும், அவ்வளவுதான். ஒரே வாக்கியத்தில் நான்கு 'ங்க' வந்துவிட்டால் பேசாமல் மன்னிப்புக் கடிதத்தை எழுதத் தொடங்குவது நல்லது.

எந்த அளவையும் அவர் இரண்டு முறை எடுப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாம் முறை எடுக்க மாட்டார். டீ குடிக்கப் போய்விடுவார். மூன்றாவதாக எடுப்பது நமக்குப் பிடித்த எண்ணாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. டீக்குப் பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சில வீடுகளில் அளவு முடிவதற்குள் நான்கு டீ ஆகியிருக்கிறது.

கோணல் அறையைக் கையாள ஒரு முறை இருக்கிறது. சுவர்களின் நீளத்தைத் தரையோரம் ஒரு முறை, இடுப்பு உயரத்தில் ஒரு முறை, தலைக்கு மேல் ஒரு முறை எடுக்க வேண்டும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு. எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருந்து இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால் அறை நேர். என் பணிக்காலத்தில் அப்படி இரண்டு அறைகளைப் பார்த்தேன். ஒன்றில் நாங்கள் டேப்பைத் தப்பாகப் பிடித்திருந்தோம்.

கோணல் ஒரு அங்குலத்துக்குள் என்றால் சுவர்ப்பூச்சு விழுங்கிக்கொள்ளும். இரண்டு என்றால் எதிரெதிர்ச் சுவர்களுக்குப் பங்கு பிரித்துவிடலாம். அதற்கு மேல் என்றால், கோணல் சுவருக்கு முன்னால் ஆப்பு வடிவத்தில் ஒரு பொய்ச்சுவர் எழுப்பி, உள்ளே கிடைக்கும் பொந்தில் சோப்பு வைக்க ஒரு மாடம் விட்டுவிட வேண்டும். வீட்டுக்காரர் மாடத்தைப் பார்த்து மகிழ்வார். சுவரைப் பார்க்க மாட்டார். டைல்ஸைச் சுவரிலிருந்து தொடங்கக் கூடாது. வாசலில் நிற்பவர் கண்ணுக்கு நேரே முழு டைல் வர வேண்டும்; சீவிய துண்டுகளெல்லாம் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். தரையின் வாட்டம் மட்டும் யாருக்காகவும் மாறக் கூடாது, தண்ணீருக்குப் படம் பார்க்கத் தெரியாது. மொத்தத்தில் கோணல் அப்படியேதான் இருக்கும். அதைப் பார்க்கிறவர் மட்டும் திரும்பி நின்றிருப்பார். இந்த ஏமாற்று வேலைக்கு எங்கள் தொழிலில் 'ஃபினிஷிங்' என்று பெயர்.

பத்தாவது வரி கோபிசெட்டிபாளையத்தில் பிறந்தது. வாழைத்தோட்டத்துக்கு நடுவில் ஒரு வீடு. குளியலறையின் ஒரு மூலை மூன்றரை அங்குலம் வெளியே பிதுங்கியிருந்தது. சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்த காலம். முறைகள் எல்லாம் மனப்பாடம். யாரையும் எதுவும் கேட்காமல் பொய்ச்சுவர், மாடம், நேர்கோட்டில் டைல்ஸ் எல்லாம் முடித்துப் படத்தில் இருப்பதுபோலவே ஒப்படைத்தேன். வீட்டுக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. ஒரே ஒரு சந்தேகமுங்க. இந்த மூலையில மூணரை இஞ்சு இருந்துச்சுங்களே, அது எங்கீங்க?"

"கோணலா இருந்துச்சுங்க. சரி பண்ணிட்டோம்."

"அது கோணல் இல்லீங்க. ஈசானியமுங்க. ஊடு கட்டறப்ப ஒவ்வொரு ரூமுக்கும் ஈசானியத்தை இழுத்து உடச் சொல்லி, ஆளை வெச்சு அளந்து இழுத்ததுங்க. நீங்க முழுங்கிப்போட்டீங்க."

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் வடகிழக்கு மூலையை வேண்டுமென்றே இரண்டு மூன்று அங்குலம் நீட்டிவிடுவார்கள், அந்தப் பக்கம் வளர்ந்தால் வீடு வளரும் என்று. கல்லூரியில் இதற்குப் பாடம் இல்லை. வீடு கட்டினவர் கவனமாக, செலவு செய்து, ஆள் வைத்து உண்டாக்கிய கோணலை நான் கவனமாக, செலவு செய்து, ஆள் வைத்து அழித்திருந்தேன். வேணுகோபால் சார் மறுநாள் பஸ் பிடித்து வந்தார். வீட்டுக்காரரிடம், "தப்பு எங்களுதுங்க, இடிச்சுக் குடுத்தர்றோமுங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில், சத்தியமங்கலம் சாலையில் எங்கேயோ, "எஸ்தருங்க, அவருகிட்ட ஒரு வார்த்தைங்க கேட்டிருக்கலாமுங்களேங்க" என்றார். நான் எண்ணிக்கொண்டேன், நான்கு. மன்னிப்புக் கடிதத்தோடு படிவத்தில் ஒரு வரியும் சேர்த்துக் கொடுத்தேன்: 'கோணல்: தெரிந்து வைத்ததா, தெரியாமல் வந்ததா?'

அதற்குப் பிறகு பல வருடங்கள் எந்தச் சுவரையும் அதன் பூர்வீகம் விசாரிக்காமல் நான் தொட்டதில்லை. யார் கட்டியது, ஏன் கட்டியது, எந்தப் பக்கம் இழுத்தது, எல்லாம் கேட்பேன். கோயமுத்தூர் மாவட்டத்துச் சுவர்களை என்னைவிட மரியாதையாக யாரும் விசாரித்திருக்க முடியாது. அந்த மிதப்பில்தான் கிணத்துக்கடவுக்குப் போனேன். வேணுகோபால் சார் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம் அது.

தென்னந்தோப்புக்காரர் துரைசாமி என்பவருடைய வீடு. மனைவி கமலவேணி டீச்சர், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவர். பக்கவாதம் வந்து கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச்சுக்கும் கணக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்குள் குளியலறையை மாற்றிக் கட்ட வேண்டும்.

பெங்களூரில் இருந்த மகன் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஏதோ வெளிநாட்டு ஓட்டலின் குளியலறை. நட்டநடுவில் கமோடு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாடம், ஒரே மாதிரி விளக்கு, நடுவில் மடித்தால் ஒட்டிக்கொள்ளும்போல் இருந்தது. அம்மாவுக்கு மனசுக்கு நிறைவாக இருக்குமாம். அம்மாவைக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. எங்கள் படிவத்தில் அப்படி வரி இல்லை.

டீச்சரிடமிருந்து வந்தது ஒரே ஒரு செய்தி. துரைசாமி அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில ஆயாம்மா தூக்கி உக்கார வெக்கறாங்க. அது அவளுக்கு ஆகலீங்க. ஊட்டுக்கு வந்தா பாத்ரூமுக்குத் தனியாப் போகோணும், தனியா வரோணும், வேற எதுவும் வேண்டாங்கறாளுங்க. நாங்கூட உள்ள வரக் கூடாதுங்களாம். முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தவனுங்க."

"பிடிச்சுக்கக் கம்பி போட்டுக் குடுத்தா தனியாப் போகலாமுங்க. அவங்களுக்கு எந்தப் பக்கமுங்க?"

"இடது பக்கமுங்க."

எழுதிக்கொண்டேன். இந்த இடத்தில் எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே 'ங்க' வந்துவிட்டால் வாக்கியம் முடிந்தது என்று பொருள். அதற்கு மேல் கிளறுவது அழகில்லை. நான் கேட்டது, கம்பி எந்தப் பக்கம் வேண்டும் என்று. அவர் சொன்னது, எந்தப் பக்கம் விழுந்துவிட்டது என்று. 'விழுந்துவிட்டது' என்ற சொல்லை அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை. அதை மிச்சம் வைத்து 'ங்க' போட்டு மூடினார். மூடியதைத் திறப்பது மரியாதையில்லை என்று நானும் பேனாவை மூடினேன். இருவரும் அன்று மிகவும் நாகரிகமாக நடந்துகொண்டோம்.

பிறகு சுவரை விசாரிக்கப் போனேன். அதை மணிக்கணக்கில் செய்தேன்.

நீளம் எட்டடி. அகலம் கதவுப் பக்கம் மூன்றடி நான்கு அங்குலம், கமோடு வரும் பின்பக்கம் மூன்றடி எட்டு அங்குலம். கமோட்டில் கதவைப் பார்த்து உட்கார்ந்தால் இடக்கைப் பக்கம் ஒன்பது இஞ்சு வெளிச்சுவர், நேர். வலக்கைப் பக்கம் படுக்கையறையைப் பிரிக்கும் நாலரை இஞ்சுச் சுவர். மொத்தக் கோணலும் அதில்தான். துரைசாமியிடம் பத்தாவது வரியைக் கேட்டேன்.

"தெரிஞ்சு வெச்சதில்லீங்க. அக்கட்ட ஈசானியத்தை இழுத்தோமுங்க, மிச்சம் இங்க வந்து நின்னு போச்சுங்க."

சாமிக்குக் கொடுத்த நான்கு அங்குலத்தைக் குளியலறையிடமிருந்து எடுத்திருந்தார்கள். ஆக, திருத்தலாம். வலப்பக்கம் பொய்ச்சுவர் எழுப்பினோம். முன்னால் வெறும் பூச்சு, பின்னால் போகப் போக நான்கு அங்குலம். அறை முழுக்க மூன்றடி நான்கு அங்குலம் ஆனது. கமோடு நடுவில் வர வேண்டுமே? கழிவுக் குழாய் பழைய அகலத்தின் நடுவில் இருந்தது. புதிய நடு அதற்கு இரண்டு அங்குலம் இடப்பக்கம். குழாயைத் தொடாமல் கமோட்டை நகர்த்த, இரண்டு அங்குலம் கோணிய இணைப்புக் குழாய் ஒன்று உண்டு. அதைப் போட்டோம். கோணலை மறைக்கக் கோணல் குழாய். இரண்டு பக்கமும் அச்சு மாறாமல் இருபது அங்குலம். இரண்டு பக்கமும் மாடம். இடப்பக்கம் வெளிச்சுவரில் பிடிகம்பி. கம்பிக்கு ஒன்பது இஞ்சுச் சுவர் அமைந்ததே என்று மகிழ்ந்தேன். எங்கள் மாரப்பன் மேஸ்திரி அதில் இரண்டு கையாலும் தொங்கிக் காட்டினார். கம்பி அசையவில்லை. வேணுகோபால் சார் இரண்டு முறை அளந்தார். இரண்டும் ஒத்துப்போயின. கையெழுத்துப் போட்டார். டீ கூடக் குடிக்கவில்லை.

நாங்கள் கட்டியதிலேயே நேரான குளியலறை அது.

புதன்கிழமை காலை டீச்சர் வந்தார். வலது கையில் நான்கு கால் ஊன்றுகோல், இடது கை மடியில் வைத்த பொருள்போல் உடம்போடு ஒட்டியிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மாடத்து விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். துரைசாமி, மாரப்பன் மேஸ்திரி, வேணுகோபால் சார், நான், நால்வரும் பாராட்டுக்காக வெளியே நின்றோம்.

நேரம் ஆனது. உள்ளே ஊன்றுகோல் விழுந்த சத்தம். பிறகு டீச்சரின் குரல்.

"ஏனுங்க."

எங்கள் பக்கத்தில் மனைவி கணவரைக் கூப்பிடும் சொல் அது. ஒரு நாளைக்கு நூறு முறை கேட்பது. துரைசாமி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். அவர் மனைவியைத் தூக்கி எழுப்பிப் புடவையைச் சரிசெய்து வெளியே கூட்டிவரும்வரை நாங்கள் மூவரும் தென்னை மரங்களை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களை வரிசையாகப் பார்த்தார். பரீட்சைத் தாள் கொடுக்கிற பார்வை.

"இன்ஜினீயர் யாருங்க?"

"நானுங்க" என்றார் வேணுகோபால் சார்.

"எனக்கு வராத கை எதுங்க?"

"இடதுங்க."

"கம்பி எந்தப் பக்கமுங்க?"

சார் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கண்ணாடியைப் பாத்துக் கட்டினீங்களா?"

"தப்பு என்னுதுங்க டீச்சர்" என்றேன். "இடதுன்னு சொன்னாங்க, நாந்தான்…"

"அவரு இடதுன்னுதான் சொல்லுவாரு. எது இடதுன்னு நீங்கதானே கேக்கோணும்?" பிறகு சாரைப் பார்த்து, "நீங்க ஒருக்கா உக்காந்து பாருங்க. மேஸ்திரி, அவரு இடது கையைத் துண்டுல கட்டுங்க. இடது காலை ஊனக் கூடாது" என்றார்.

எங்கள் மேலதிகாரி, கோப்பில் ஆங்கிலம் எழுதுகிறவர், இஸ்திரி போட்ட சட்டையோடு, கை கட்டப்பட்டு, மூடிய கமோட்டின் மேல் உட்கார்ந்தார். எழ முயன்றார். வலது கை தானாக வலச்சுவருக்குப் போனது. அங்கே வழவழப்பான டைல்ஸ், சோப்பு மாடம். சோப்பு கீழே விழுந்தது. இன்னொரு முறை முயன்றார். மேஸ்திரி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

"அடுத்தது நீங்க அம்மணி" என்றார் டீச்சர்.

முந்தானையில் இடது கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். என் அறை எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை முதல் முறையாக அந்த இடத்திலிருந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே தூரம், ஒரே மாடம், ஒரே விளக்கு. கம்பி என்னைப் பார்க்காமல் இடச்சுவரில் பளபளத்தது. என்னால் எழ முடியவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது, மூட்டுவலி கூடக் கிடையாது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கையுள்ளவர்களுக்குத்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அறை. அதைச் சொல்ல ஒரு கணக்கு டீச்சர் தேவைப்பட்டார்.

அன்று மதியமே பொய்ச்சுவரை இடித்தோம். கம்பியை வலப்பக்கம் மாற்றினால் போதாதா என்று ஹரிணி கேட்பாள். போதாது. பொய்ச்சுவருக்குள் பொந்து; கம்பி அதில் நிற்காது. பின்னால் இருப்பது நாலரை இஞ்சுச் சுவர்; அதில் வெறும் திருகு போட்டால் ஒரு ஆள் பாரத்தில் செங்கல்லோடு வந்துவிடும். சுவரை ஊடுருவிப் போல்ட் போட்டு, படுக்கையறைப் பக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். தகடு வெளியே தெரியும். தெரியட்டும் என்றார் டீச்சர்.

பொய்ச்சுவர் போனதும் கமோடு வலச்சுவரிலிருந்து இருபத்துநான்கு அங்குலம் தள்ளி நின்றது. கைக்கு எட்டாது. மாரப்பன் மேஸ்திரிதான் சொன்னார்: "அந்தக் கோணக் கொழாயை அக்கட்டத் திருப்பிப் போட்டா என்னங்க மேடம்?" அவ்வளவுதான். இடப்பக்கம் இரண்டு அங்குலம் தள்ளிய அதே குழாய், திருப்பிப் போட்டதும் வலப்பக்கம் இரண்டு அங்குலம் தள்ளியது. பின்சுவரோரம் இருபது அங்குலம். முன்னால் வர வர, நான் நாள் முழுக்க உட்கார்ந்து ஒழித்துக்கட்டிய அந்தக் கோணல், சுவரை டீச்சரின் கைக்கு இன்னும் ஒரு அங்குலத்துக்கு மேல் கிட்டே கொண்டுவந்தது. எழுவதற்கு முன்னால் சாயும்போது கை எங்கே போகுமோ, அங்கே சுவர் தானே வந்து நின்றது. அதைத்தான் நான் சரிசெய்திருந்தேன்.

இடித்து, பூசி, காய வைக்க நான்கு நாள் ஆனது. அதுவரை படுக்கையறையில் நாற்காலிக் கமோடு, உதவிக்கு ஒரு அம்மா. அந்த நான்கு நாளும் டீச்சர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியின் உயரம் குறிக்கும் நேரம் வந்ததும் என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

"அது எதுக்குங்க? சாக்பீஸ் இருந்தாக் குடுங்க."

கமோட்டில் உட்கார்ந்து, வலது கையைச் சுவரில் வைத்தார். மேஸ்திரியும் துரைசாமியும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொள்ள, மெல்ல எழுந்தார். சாக்பீஸ் சுவரோடு உரசிக்கொண்டே மேலே வந்தது. கீழே தொடையருகில் தொடங்கி, முன்னால் தோள் உயரம் வரை சாய்ந்து ஏறிய ஒரு கோடு. எங்கள் புத்தகத்தில் கம்பி படுக்கையாக இருக்க வேண்டும், இத்தனை அங்குல உயரத்தில். ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஓரத்துக்கே ஓடிவிடும். மேஸ்திரி தயங்கினார்.

"என்ன பாக்கறீங்க? கோடு நேராத்தான் இருக்குது. உங்க சொவுருதான் கோணல்" என்றார் டீச்சர்.

அந்தக் கோட்டின் மேலேயே கம்பியை முடுக்கினோம். தரையில் கமோட்டின் பழைய திருகு ஓட்டைகள் இரண்டையும் வெள்ளைச் சிமென்ட்டால் அடைத்தோம். உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும். வலப்பக்கத் தரை டைல்ஸ் பின்னால் போகப் போக அகலமாகும் துண்டுகளாக, வாசலில் நிற்பவர் கண்ணுக்கு நேரே, வெட்ட வெளிச்சமாகக் கிடந்தது. மகனுக்குப் படம் அனுப்பினார்களாம். பதில் வரவில்லை.

அன்று மாலை அலுவலகத்தில் படிவத்தை எடுத்துப் பத்தாவது வரிக்குக் கீழே மையால் எழுதினேன்: 'எந்தக் கை?' வேணுகோபால் சார் இரண்டு முறை படித்தார்.

"கேள்வி சரிதாங்க எஸ்தருங்க. ஆனா பதில்ல 'ங்க' வந்தவொடனே பேனாவை மூடிராதீங்க. இன்னொருக்காக் கேளுங்க."

இரண்டு முறை கேட்பது. அவர் அளவெடுக்கிற முறையேதான். சுவருக்குச் செய்ததை மனிதருக்கும் செய்யலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்ற இத்தனை வருடம் ஆகியிருந்தது. ஹரிணி, கட்டம் இல்லையென்றால் ஓரத்திலாவது எழுதிவை.

ஒப்படைத்த நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வெளியிலிருந்தும் காசு வைத்துத் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் ஒன்றைக் கதவில் போட்டிருந்தோம், அவசரத்துக்கு. டீச்சர் உள்ளே போனார். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது. துரைசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு காசோடு, கதவுக்கு ஓரடி தள்ளி நின்றார். நாங்கள் மூவரும் பின்னால். இந்த முறை யாரும் பாராட்டுக்காக நிற்கவில்லை.

ஊன்றுகோலை மாட்டியில் மாட்டும் சத்தம். துரைசாமி காதைக் கதவில் வைக்காத குறை. தோப்பில் எங்கேயோ மட்டை விழுந்தது. மனிதர் திடுக்கிட்டுத் தாழ்ப்பாளில் காசை வைத்துவிட்டு எடுத்தார். மேஸ்திரி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் இறங்கியது. பிறகு, கம்பியின் போல்ட்டுகள் படுக்கையறைப் பக்கத் தகட்டில் லேசாக முனகின. நான் எண்ணவில்லை, ஆனால் வெகுநேரம். தாழ்ப்பாள் திறந்தது.

டீச்சர் வாசலில் நின்று எங்கள் நால்வரையும் பார்த்தார்.

"என்ன, பஸ்ஸுக்கா நிக்கறீங்க? போயி அவங்கவங்க சோலியைப் பாருங்க."

ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். துரைசாமி காசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"கூப்புடவே இல்லீங்களே அம்மணி" என்றார் என்னிடம், ஏதோ குறை சொல்வதைப் போல.